நகர்த்தப்பட்ட செருப்புகள்: பிரஸ்ஸாயின் பணிக்கூட ஒளிப்படங்களில் பொருளும் மனிதரும்

ஓவியரையும் சிற்பியையும் அவரவர் பணிக்கூடத்தில் வைத்து எடுத்த ஒளிப்படங்கள் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலை வரலாற்றில் ஏராளம். அவற்றை எடுத்தவரே, எடுத்த சூழலையும் விரிவாக எழுதிவைத்திருப்பது அரிது. அவ்வரியவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் பிரஸ்ஸாய் (1899–1984). பிக்காஸோவுடனான தம் சந்திப்புகளை அவர் 'பிக்காஸோவுடன் உரையாடல்கள்' எனப் பொருள்படும் நூலாக 1964இல் வெளியிட்டார். மத்தீஸ், பொன்னார், ஜியாகொமெட்டி முதலிய பலரைப் பற்றிய எழுத்தும் படங்களும் அடங்கிய 'என் வாழ்வின் கலைஞர்கள்' 1982இல் வந்தது. இவ்விரு நூல்களையும் படங்களையும் ஒருசேர வைத்து வாசிக்கும்போது ஓர் எழுதப்படாத உடன்பாடு புலப்படுகிறது. மனிதரை நிற்கச் சொல்லலாம். பொருளை இடம் மாற்றலாகாது என்பதே அது. அந்த உடன்பாடு எங்கே மீறப்பட்டது என்பதையும், பொருளாகவும் கலைஞராகவும் கொள்ளப்படாத ஒருவர் அதில் எங்கே நிற்கிறார் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரஸ்ஸாயை எழுத்தாளர் என்று குறிப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜூலா ஹலாஸ் என்பது அவரது இயற்பெயர். இன்றைய ருமேனியாவில் உள்ள பிரஷோவ் நகரின் ஹங்கேரியப் பெயரிலிருந்து தம் புனைபெயரை ஆக்கிக்கொண்டார். 1924இல் பாரிஸ் வந்து இதழாளராகப் பிழைத்தவர் அவர். தொடக்கத்தில் ஒளிப்படக் கலையை மதித்தவரும் அல்லர். 'இரவுப் பாரிஸ்' தொகுப்பு அவருக்குப் பெரும்புகழைத் தந்த பின்னரும் எழுதுவதை அவர் விடவில்லை. ஹென்றி மில்லரைப் பற்றி எழுதினார். புரூஸ்டின் எழுத்தில் ஒளிப்படம் பெறும் இடத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் மறைவுக்குப் பின் வெளிவந்தது. இந்தியச் சூழலில் இதற்கு நெருங்கிய இணை தேடினால் தில்லிக் கலை விமர்சகரும் கவிஞருமான ரிச்சர்டு பார்த்தலோமியோவைச் சுட்டலாம். தம் காலத்து ஓவியர்களை அவர் எடுத்த படங்களை அவர் மகன் பாப்லோ பார்த்தலோமியோ பின்னாளில் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். அது தனி ஆய்வுக்குரியது.

1932 டிசம்பரில் 'மினோதோர்' என்னும் புதிய இதழின் முதல் வெளியீட்டுக்காகப் பிக்காஸோவின் பணிக்கூடங்களைப் படமெடுக்கும் பணி பிரஸ்ஸாய்க்குக் கிடைத்தது. 1933இல் அவ்விதழ் ஆந்த்ரே பிரெத்தோனின் கட்டுரையோடு அப்படங்களை வெளியிட்டது. லா போயெஸி தெருவில் ஓர் ஓவியக்கூடத்தை எதிர்பார்த்துச் சென்றவர் கண்டது வேறு. வசதியான நடுத்தரக் குடும்பம் குடியிருப்பதற்காகக் கட்டிய அடுக்ககம் அது. சலவைக்கல் கணப்புகளும் அவற்றின் மேல் நிலைக்கண்ணாடிகளும் அப்படியே இருக்க, சுற்றிலும் கித்தான்களும் தாள்கட்டுகளும் குவிந்து கிடந்தன. நார்மண்டியின் புவாழ்லூ மாளிகையிலோ பழைய குதிரை லாயமே சிற்பக்கூடம். அங்கே பாரிஸ் சாந்தில் செய்த பெரிய பெண் தலைகள் நின்றன. அவ்விதழின் பக்கங்களில் பிக்காஸோவின் முகத்தைவிட அவர் அறைகளே மிகுதி. ஆளைத் தேடிப் போனவர் அறையோடு திரும்பியதை ஒரு குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பின்னர் அவர் பின்பற்றிய முறைக்கு அதுவே தோற்றுவாய்.

இம்முறையில் கருவியின் பங்கும் உண்டு. அக்காலத்தில் அவர் பயன்படுத்தியது கண்ணாடித் தகடுகள் இடும் சிறிய மடிப்புக் கேமரா. தகடு ஒவ்வொன்றாக மாற்றப்பட வேண்டும்; இருண்ட அறையாயின் முக்காலியும் நீண்ட நேரத் திறப்பும், சில வேளைகளில் மக்னீசிய ஒளியும் வேண்டும். ஆள் அசைந்தால் உருவம் கலங்கும். ஆகவே கார்த்தியே-பிரெஸ்ஸோன் போல நழுவும் கணத்தை எட்டிப் பிடிப்பது அவர் வழியன்று. அசையாதிருக்குமாறு மனிதரை அவர் கேட்டே ஆக வேண்டும். அப்படிக் கேட்ட மறுகணமே முகம் ஒரு பாவனையை மேற்கொண்டுவிடுகிறது. சுவரும் அடுப்பும் அதை மேற்கொள்வதில்லை. 1939இல் போர் தொடங்கிய நாட்களில் 'லைஃப்' இதழுக்காக எடுத்த படத்தில் கிராண்ஸ் ஒகுஸ்தேன் தெருப் பணிக்கூடத்தின் மிகப்பெரிய கணப்பு அடுப்பருகே பிக்காஸோ அமர்ந்திருக்கிறார். ஈராண்டுக்கு முன் 'குவெர்னிகா' உருவானதும், அதன் படிநிலைகளை டோரா மார் படமெடுத்ததும் அதே கட்டடத்தில்தான். பிக்காஸோ இப்படத்தில் தம்மைக் காட்டிக்கொள்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. புகைபோக்கிக் குழாயோடு சிற்பம் போல் உயர்ந்து நிற்கும் அடுப்போ யாருக்கும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. நம் கண் முதலில் அடுப்புக்கே போகிறது.

திணைக் கோட்பாட்டை எதன்மேலும் போர்த்திப் பார்க்கும் வழக்கம் நம் ஆய்வுலகில் மலிந்துவிட்டது. திரைப்படம், விளம்பரம், கைப்பேசி என எதையும் ஐந்திணைக்குள் அடக்கிய கட்டுரைகளை நாம் கண்டுள்ளோம். அந்தத் தயக்கத்தோடேயே கருப்பொருள் என்னும் கலைச்சொல்லை இங்குப் பயன்படுத்துகிறேன். தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனத் தொகுக்கும் கருப்பொருள்கள் ஒரு நிலத்தின் வெறும் அலங்காரங்கள் அல்ல. உரிப்பொருளை வெளிப்படக் கூறாமலே உணர்த்த வல்லவை அவை. தலைவியின் முகத்தை வருணிக்காமலே அவளது நிலையை ஒரு பறவையின் இருப்பால் அறியவைக்கும் மரபில் பயின்ற வாசகருக்கு, பிரஸ்ஸாயின் படங்கள் அயலானவையாகத் தோன்ற வேண்டியதில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளில் கருப்பொருளைத் தேர்ந்து வைப்பவர் புலவர். பணிக்கூடத்தில் அதை வைத்தவர் ஓவியர். ஒளிப்படக் கலைஞர் வந்து பார்ப்பவர் மட்டுமே. இவ்வேறுபாடே பின்னர்ச் சிக்கலாகிறது.

சுவர்கள்

இம்முறையின் சிறந்த பயனை இரண்டு சுவர்களில் காணலாம். முதலாவது, தென்பிரான்சின் ல கன்னேயில் பியேர் பொன்னாரின் வீட்டுச் சுவர். பிரஸ்ஸாய் அங்குச் சென்றது 1946இல். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பொன்னார் காலமானார். படத்தில் ஓவியத்தாங்கி இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டாத கித்தான் துணிகள் நேரே சுவரில் குத்தப்பட்டிருக்கின்றன. ஒரே சுவரில் வெவ்வேறு ஓவியங்கள், வெவ்வேறு நிலைகளில். பொன்னார் ஒரு வண்ணத்தைத் தூரிகையில் எடுத்தால் அதைப் பல ஓவியங்களில் தேவைப்பட்ட இடங்களில் இட்டுச் செல்வார். ஓவியத்தின் எல்லையை முதலில் வகுக்காமல், வரைந்து முடித்த பிறகே துணியை வெட்டுவார். இதை எத்தனை பக்கம் எழுதினாலும் விளங்கவைப்பது கடினம். சுவர் உடனே விளக்கிவிடுகிறது. மற்றொரு பகுதியில் பழைய ஓவியங்களின் அஞ்சலட்டைப் பிரதிகளும் மிட்டாய் பொதிந்த வெள்ளித்தாள்களும் குத்தப்பட்டுள்ளன. ஒளியின் மினுக்கத்தை நினைவில் நிறுத்திக்கொள்ள அத்தாள்கள் அவருக்குப் பயன்பட்டன. 1944இல் கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த பொன்னாரின் படங்கள் புகழ்பெற்றவை. அவற்றில் கூச்சமும் முதுமையும் கொண்ட ஒரு மனிதரை நாம் சந்திக்கிறோம். அவர் எப்படி வண்ணம் தீட்டினார் என்பதைக் கற்றுக்கொள்வது பிரஸ்ஸாயின் சுவரிடம்தான். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் சுவரையே எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது சுவர் ஜியாகொமெட்டியுடையது. இப்போலித்-மேந்த்ரோன் தெரு, எண் 46. ஏறத்தாழ 23 சதுர மீட்டரே கொண்ட அந்த இடத்தில் 1926 முதல் 1966இல் இறக்கும்வரை அவர் பணிபுரிந்தார். தரையில் சாந்துத் துகள், உடைந்த உருவங்கள், குப்பிகள். சுவரில் கீறலும் தீட்டலும். தற்செயலாகப் படிந்த கறை எது, அவர் வரைந்த உருவம் எது எனப் பிரித்தறிய முடியாதபடி அவை கலந்துள்ளன. பிரஸ்ஸாய்க்கு இது பழகிய மொழி. பாரிஸ் தெருச் சுவர்களில் பெயரறியாதோர் கீறிய உருவங்களை 1930களின் தொடக்கம் முதலே அவர் படமெடுத்துவந்தார். குகைச் சுவரையும் தொழிற்சாலைச் சுவரையும் இணைத்து அவர் எழுதிய கட்டுரை 1933 இறுதியில் 'மினோதோர்' இதழிலேயே வந்தது. தெருச் சுவரைப் படிக்கப் பழகிய கண்ணே பணிக்கூடச் சுவரையும் படித்தது என்பது என் கருத்து. ஜியாகொமெட்டியின் பணிக்கூடத்தைப் பற்றி ழான் ழெனே எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பின்னர் எர்ன்ஸ்ட் ஷைடெகரின் படங்களோடு நூலாகியது. அதில் எழுத்து ஒருவருடையது, கண் வேறொருவருடையது. ஒன்றின் பிழைக்கு மற்றொன்று பொறுப்பேற்பதில்லை. பிரஸ்ஸாய்க்கு அந்த வசதி இல்லை.

ஜியாகொமெட்டி இறந்த பின் அச்சுவர்களின் வரைவுகள் பெயர்த்தெடுத்துக் காக்கப்பட்டன. 2018இல் பாரிஸில் திறக்கப்பட்ட ஜியாகொமெட்டி நிறுவனத்தில் பணிக்கூடம் மீட்டமைக்கப்பட்டுள்ளது. பொருள்கள் உண்மையானவை, அவை இருக்கும் இடம் மீட்டமைப்பு. எது எதனருகே இருந்தது என்பதற்குப் பழைய படங்களையே நாட வேண்டியிருக்கிறது. பொருளின் இருப்பிடம் ஒரு சான்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

செருப்புகள்

செருமானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் படமெடுக்க ஆக்கிரமிப்பாளரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. பிரஸ்ஸாய் அதைக் கேட்க மறுத்தார். அதனால் படங்களை வெளியிட்டுப் பிழைக்கும் வழி அடைபட்டது. 1943இல் பிக்காஸோவின் சிற்பங்கள் பற்றிய ஒரு நூலுக்காக அவற்றைப் படமெடுக்கும் பணி வந்தது. கான்வைலரின் உரையோடு அந்நூல் போருக்குப் பின்னரே வெளியாயிற்று. இப்பணிக்காக அவர் கிராண்ஸ் ஒகுஸ்தேன் தெருவுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். உரையாடல் நூலின் பெரும்பகுதி இவ்வருகைகளிலிருந்து பிறந்ததே.

அவற்றுள் ஒரு நாள் நிகழ்ச்சி இக்கட்டுரைக்கு மையமானது. அறையின் ஒரு மூலையைப் படமெடுக்கும்போது, காட்சி நன்றாக அமையும்பொருட்டுப் பிக்காஸோவின் வீட்டுச் செருப்புகளைப் பிரஸ்ஸாய் சற்றே நகர்த்தி வைக்கிறார். பிக்காஸோ அதைக் கவனித்துவிடுகிறார். படம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஆவணமாகாது என்கிறார். செருப்பைத் தாம் ஒருநாளும் அப்படி வைப்பதில்லை. அது படமெடுப்பவரின் அடுக்கு, தம்முடையதன்று. ஒரு கலைஞர் தம்மைச் சுற்றிப் பொருள்களை வைக்கும் விதம் அவர் படைப்புகளுக்கு நிகராக அவரை வெளிப்படுத்தும் என்பது அவர் வாதம். மனிதனைப் பற்றிய ஓர் அறிவியல் பிற்காலத்தில் தோன்றும், அதற்கு முழுமையான ஆவணங்களை விட்டுச்செல்ல வேண்டும், அதற்காகவே தம் படைப்புகளுக்கு நாளும் குறிக்கிறேன் என்று அவர் சொன்னதையும் அதே நூல் பதிவுசெய்கிறது.

அப்பணிக்காகப் பிரஸ்ஸாய் சிற்பங்களைத் திருப்பியிருக்கிறார், வெளிச்சத்துக்கு நகர்த்தியிருக்கிறார். பிக்காஸோ அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சிற்பம் பார்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. எத்திசையில் திருப்பினாலும் அது சிற்பமே. செருப்பு பார்க்கப்படுவதற்கென்று வைக்கப்பட்டதன்று. யாரும் பார்க்கவில்லை என்னும் நிலையில் இருந்ததாலேயே அது சான்றாகிறது. கலைப்பொருளை நகர்த்தினால் பிழையில்லை, கழற்றிப்போட்ட செருப்பை நகர்த்தினால் பிழை என்னும் இந்தத் தலைகீழ் மதிப்பீட்டைப் பிரஸ்ஸாய் நூல்களின் மிக முக்கியமான கருத்தாக நான் கருதுகிறேன்.

இந்நிகழ்ச்சிக்கு நமக்குள்ள சாட்சி யார்? செருப்பை நகர்த்தியவரே. சந்திப்புகளுக்குப் பின் துண்டுத் தாள்களில் குறித்து ஒரு பெரிய சாடிக்குள் அவற்றைப் போட்டுவந்ததாகவும், நெடுநாள் கழித்தே எடுத்துத் தொகுத்ததாகவும் அவர் கூறுகிறார். துண்டுத் தாளுக்கும் 1964இல் அச்சான நீண்ட உரையாடலுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளன. உரையாடல்களின் ஒழுங்கையும் தடையற்ற ஓட்டத்தையும் காணும்போது, அங்கும் சில செருப்புகள் நகர்த்தப்பட்டிருக்கும் என ஐயுறுவது தவறாகாது. மேலும், அக்கடிந்துரையில் பிரஸ்ஸாயின் மற்றப் படங்களுக்குப் பாராட்டும் பொதிந்திருக்கிறது: அவை உண்மையாக இருப்பதால்தான் தமக்குப் பிடித்தன என்கிறார் பிக்காஸோ. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்திலேயே நற்சான்றும் பெற்றுவிடுகிறார் எழுத்தாளர். ஆனாலும் இதை அவர் எழுதாமலும் விட்டிருக்கலாம். எழுதியதால், அவருடைய ஏனைய படங்கள் ஒவ்வொன்றின்முன்னும் நின்று 'இதில் எது நகர்த்தப்பட்டது?' என்று கேட்கும் உரிமையை நமக்குத் தந்துவிட்டார். படத்தால் தர முடியாத உரிமை அது.

நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் களப்பணி ஒளிப்படங்கள் கட்டாயம் போல் இடம்பெறுகின்றன. தகவலாளியின் அருகில் ஆய்வாளர் நிற்பார். சென்று சந்தித்ததற்கு அது சான்று, வேறொன்றுக்கும் அன்று. சிற்றிதழ் அட்டை ஓவியங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக மூத்த ஓவியர் ஒருவரைச் சந்தித்தபோது, இக்கட்டுரையாளரும் படம் எடுக்குமுன் அவர் மேசையிலிருந்த காலித் தேநீர்த் தம்ளரையும், தூரிகை துடைத்த பழைய வேட்டித் துண்டையும் ஓரமாக எடுத்துவைத்தது உண்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுத்து முடிந்ததும் துண்டைப் பழைய இடத்திலேயே, இடக்கைப் பக்கம், எடுத்துவைத்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் படத்தில் அந்தச் செய்தி இல்லை.

வேடமும் உடலும்

செருப்புக்காகக் கடிந்த பிக்காஸோ 1944இல் அதே பணிக்கூடத்தில் ஒரு பொய்யை விரும்பி அரங்கேற்றினார். சட்டத்துக்காக வாங்கி வைத்திருந்த, வேறு யாரோ வரைந்த பெரிய நிர்வாணப் பெண் ஓவியத்தின் முன் வண்ணத் தட்டும் தூரிகையுமாக நின்று, மரபான ஓவியராக நடித்தார். நடிகர் ழான் மாரே தரையில் சாய்ந்து படுத்து மாடல் பெண்ணாக நடித்தார். பிரஸ்ஸாய் படமெடுத்தார். முரண்போலத் தோன்றினும் இது முன்சொன்ன உடன்பாட்டுக்குள் அடங்கியதே. மனிதர் நடிக்கலாம், அது நடிப்பென்று தெரியவும் தெரியும். பொருள் நடிக்கக் கூடாது.

படத்தின் நகைச்சுவை பெரும்பகுதியும் மாரேயிடமிருந்து பிறக்கிறது. பெயர்பெற்ற ஆண் நடிகர், உடை களையாமல், ஒரு பெண்ணின் கிடையில் கிடக்கிறார். அந்தக் கிடை அவருக்கு உரியதன்று என்பதாலேயே நாம் சிரிக்கிறோம். அது உரியதாகக் கருதப்படும் ஒருவரைப் பார்க்க, ஐந்தாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1939 கோடையில் அமெரிக்கச் சிற்பி மேரி கெல்லரி தந்துதவிய பாரிஸ் பணிக்கூடம் ஒன்றில் மத்தீஸ் மாடலை வைத்து வரைவதைப் பிரஸ்ஸாய் படமெடுத்தார். மத்தீஸ் மருத்துவரைப் போல வெள்ளை மேலங்கி அணிந்திருக்கிறார். மாடலாக நிற்கும் பெண் ஆடையின்றி, அவருக்கு மிக அருகில். பிரஸ்ஸாயின் சாதனையாகப் பலரும் எடுத்துக்காட்டும் படம் இது. வெள்ளை அங்கிக்கும் உடலுக்கும் உள்ள எதிர்நிலை, ஓவியரின் தொழில்முறைக் கவனம், இருவருக்கும் இடையிலுள்ள சிறு தொலைவு ஆகியன பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். பொதுவாக வழங்கும் தலைப்பு 'மத்தீஸும் அவர் மாடலும்' என்பதே.

நான் மேலே மேற்கொண்ட வாசிப்பு முறை இப்படத்தின் முன் இடர்ப்படுகிறது. பொருள்களே பேசுகின்றன என்று பொன்னாரின் வெள்ளித்தாள் வரை பட்டியலிட்டுவந்தோம். அந்த வரிசையில் இப்பெண்ணை எங்கே வைப்பது? நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக விரிக்கும்போது 'உயர்ந்தோர்', 'அல்லோர்' என்னும் இரண்டையும் சேர்க்கிறது. மனிதரும் நிலத்தின் கருப்பொருளே என்பது வளமான சிந்தனைதான். அதே வேளையில், ஒருவர் உரிப்பொருளுக்கு உரியவராகாமல் பின்புலமாகவே நின்றுவிடுவதற்கும் அது இலக்கணம் அமைத்துத் தருகிறது. பணிக்கூடத்தின் அல்லோர் மாடல்கள். மத்தீஸைக் காட்ட அவர் மேலங்கி உதவுவது போலவே இப்பெண்ணும் உதவுகிறார். இக்குறையைப் பிரஸ்ஸாயின் மேல் மட்டும் ஏற்றுவது பொருந்தாது. முகத்தைவிடச் சூழலை நம்பும் எல்லா வாசிப்புக்கும், இக்கட்டுரையின் வாசிப்புக்கும், இதில் பங்குண்டு.

அவ்வமர்விலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பார்ப்போர் கண் இயல்பாகவே மத்தீஸின் கையையும் பலகைமேல் உள்ள தாளையும் தேடுகிறது. கோடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறோம். அந்தப் பெண்ணோ ஓவியருக்காகவும், அதே நேரத்தில் கேமராவுக்காகவும் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. செருப்பு நகர்ந்ததைப் பிக்காஸோ கண்டு சொன்னார், பிரஸ்ஸாய் எழுதிவைத்தார். இப்பெண்ணை எங்கே, எப்படி நிற்குமாறு சொன்னவர் ஓவியரா, படமெடுத்தவரா என்பதைத் தலைப்பும் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை.